தோப்பு வீட்டு நாயை எல்லைக்குள் நிறுத்துவது: எலக்ட்ரானிக் காலருக்கு ஒரு முழு வழிகாட்டி

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் இப்படி நிறைய வீடுகள்: பாகூர் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு, கேப்பர் மலையில் முந்திரிக்கொல்லை நடுவே வீடு, காலாப்பட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வாங்கிப்போட்ட மனையில் வீடு. இந்த மாதிரி இடங்களில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரே தலைவலிதான்: இடம் பெரிசு, மதில் கிடையாது. அரை ஏக்கரைச் சுற்றி ஆறடி மதில் எழுப்பக் கேட்டால், கொத்தனார் சொல்லும் தொகையில் இன்னொரு அறையே கட்டிவிடலாம். நாயைப் பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போட மனசு வராது. அவிழ்த்துவிட்டால் ரோட்டில் பஸ் போகிற வேகம் பயமுறுத்துகிறது. இப்படிப்பட்டவர்கள்தான் ஆன்லைனில் எல்லைக் காலரை, அதாவது தோட்ட எல்லையை நெருங்கினால் நாய்க்குச் சின்ன ஷாக் கொடுக்கும் கழுத்துப்பட்டையை, பார்த்துவிட்டு, “இது வேலை செய்யுமா?” என்று கேட்கிறார்கள்.

செய்யும், நீங்கள் உட்கார்ந்து பழக்கினால். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே கழுத்தில் மாட்டி வெளியே விட்டால், நாய் ஒரு தடவை ஷாக் வாங்கும். கத்திக்கொண்டு ரோட்டுப் பக்கமே ஓடினாலும் ஓடும், அல்லது திண்ணைக்கு அடியில் புகுந்துகொண்டு தோட்டத்துக்கு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, எந்தப் பக்கம் திரும்பினால் நிற்கும் என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லையே. அதைச் சொல்லித்தருவதற்கு இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரை ஆகும். அவ்வளவு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் காலருக்குச் செலவழிக்க வேண்டாம், அந்தக் காசைக் கம்பிவலைக்குப் போடலாம்.

எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவில் ரிச்சர்ட் பெக் என்பவர் 1973-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. வீட்டுச் சுவரில் ஒரு சிறு பெட்டி. அதிலிருந்து கிளம்பும் ஒயர் தோட்டத்தின் ஓரமாகவே சுற்றிவந்து திரும்பவும் அதே பெட்டியில் முடியும். அந்த ஒயரில் குறைந்த அலைவரிசை ரேடியோ சிக்னல் ஓடிக்கொண்டிருக்கும். நாயின் கழுத்திலுள்ள காலர் அந்த சிக்னலைப் பிடிக்கும் தூரத்துக்கு வந்தால் முதலில் ‘பீப்’ சத்தம் வரும் அல்லது காலர் அதிரும். அதையும் மீறி நெருங்கினால், தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோக முனைகள் வழியாக ஒரு சின்ன மின்துடிப்பு. திரும்பி உள்ளே வந்தால் எல்லாம் நின்றுவிடும்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. சிக்னல் ஒயரின் இரண்டு பக்கமும் பரவும். ஏதோ ஒரு வேகத்தில் வெளியே தாவிவிட்ட நாய், வீட்டுக்குத் திரும்பி வரும்போதும் ஷாக் வாங்கும். வெளியே போகும்போது கீரியைத் துரத்துகிற வெறியில் அது தெரியாது. திரும்பும்போது சாவகாசமாக வரும், அப்போது நன்றாகவே தெரியும். அதனால்தான் சில நாய்கள் ஓடிப்போய்விட்டு வாசலுக்கு எதிரிலேயே நின்று உள்ளே வராமல் அழுதுகொண்டிருக்கின்றன. தெரு நாய்க்கும் திருடனுக்கும் இந்த எல்லை கிடையவே கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒயர் புதைக்க மண்ணைக் கீறும்போதே அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பும். “கரன்ட் வேலி போடுறீங்களாமே சார், எங்க ஆடு வந்தா என்னாகும்?” என்று ஆடு மேய்க்கும் அம்மா கேட்டால் சிரித்து மழுப்பாதீர்கள். பன்றிக்குப் பயந்து வயலைச் சுற்றிக் கள்ளத்தனமாக மின்கம்பி இழுத்து, அதில் மனிதர்கள் சிக்கிச் செத்த செய்தியைப் பேப்பரில் படித்தவர்கள் அவர்கள். “இல்லம்மா, காலர் போட்ட நாய்க்கு மட்டும்தான். ஆடு, மாடு, ஆள் யார் மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது” என்று சொல்லி, அவர் கண்ணெதிரே நீங்களே அந்த இடத்தில் நின்று காட்டுங்கள். எலக்ட்ரீஷியனிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: புதைக்கும் ஒயர் பெட்டியில் மட்டும்தான் சேரும். வீட்டு மின்சாரத்தை அந்த ஒயரில் நேராகக் கொடுப்பது உயிருக்கு ஆபத்து, குற்றமும்கூட.

ஒயர் உள்ளதா, இல்லாததா?

மூன்று வகை கிடைக்கிறது. ஒயர் புதைக்கும் வகை மேலே சொன்னது. ஒயரே இல்லாமல் ஒரு பெட்டியைச் சுற்றி வட்டமாக எல்லை போடும் வகை இரண்டாவது. நம் மனைகள் வட்டமாகவா இருக்கின்றன? ரோட்டை ஒட்டி முப்பதடி அகலம், பின்னால் நூற்றைம்பது அடி நீளம் என்று ரிப்பன் மாதிரி கிடக்கும். வட்டம் போட்டால் பாதி பக்கத்து நிலத்துக்குப் போய்விடும். போதாததற்கு கான்கிரீட் சுவரும் தகரக் கொட்டகையும் சிக்னலைக் குழப்பும்.

மூன்றாவது ஜிபிஎஸ் காலர். செயற்கைக்கோள் காட்டும் இடம் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும், அடர்ந்த தென்னைக்கு அடியில் இன்னும் தள்ளாடும். ஐந்து ஏக்கர் பண்ணைக்கு அந்தத் தவறு பெரிதில்லை. இருபது சென்ட் தோட்டத்தில் நாய் திண்ணையில் படுத்திருக்கும்போதே பீப் அடிக்கக்கூடும். ஆகவே நம் பக்கத்துக்கு ஒயர் வகைதான் என் சிபாரிசு. கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

வாங்கும்போது ‘குரைப்பு நிறுத்தும் காலர்’, ‘ரிமோட் காலர்’ என்று பக்கத்திலேயே வேறு சாமான்கள் இருக்கும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். சத்தம் அல்லது அதிர்வு மட்டும் தனியாக வைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். ஷாக்கின் அளவைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கிவந்த செட் என்றால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்தால் சரி. 120 மட்டும் இருந்தால் நம் 230-இல் செருகிய கையோடு புகைந்துவிடும்.

உங்கள் இடத்துக்கும் உங்கள் நாய்க்கும் ஒத்துவருமா?

நகருக்குள் 30-க்கு 40 மனையில் வீடு கட்டிச் சுற்றி நான்கடி விட்டிருப்பவர்கள் இதை மறந்துவிடலாம். பீப் அடிக்கும் எச்சரிக்கைப் பட்டைக்கே ஒயரிலிருந்து நான்கைந்து அடி வேண்டும், நாய்க்கு நிற்க இடமிருக்காது. பத்து சென்ட்டுக்குக் குறைந்த இடத்தில் இது வீண் என்பது என் கணிப்பு.

அடுத்தது தெரு நாய்கள். உங்கள் நாய் எல்லையைத் தாண்ட முடியாது, நான்கு தெரு நாய்கள் உள்ளே வந்தால் அது ஓடவும் முடியாது. இதற்காகவே வெறும் காலரை நம்பாமல் கொஞ்சமாவது தடுப்பு இருக்கட்டும். கிளுவை, கொடுக்காப்புளி உயிர்வேலியோ, பனைமட்டை வரிச்சலோ, பழைய கம்பிவலையோ எதுவானாலும் சரி. அதன் ஓட்டைகளையும் தாழ்வான இடங்களையும் காலர் பார்த்துக்கொள்ளும். பாதி வேலியும் பாதிக் காலருமாக இருக்கும் வீடுகளில்தான் இது நன்றாக நிற்கிறது. வருடம் தவறாமல் ரேபிஸ் தடுப்பூசி போடுவதும் அவசியம்.

நாயைப் பொறுத்தவரை, ஆறு மாதம் நிரம்பாத குட்டி, சினையாக இருப்பது, பால் கொடுப்பது, இதய நோயோ வலிப்போ உள்ளது, வயதானது இவற்றுக்கெல்லாம் கூடாது. ஏற்கெனவே பயந்த சுபாவமுள்ள நாய்க்கும், ஆளைக் கடிக்கப் பாயும் நாய்க்கும் கூடாது. கடிக்கிற நாய் விஷயத்தில் காரணம் இருக்கிறது. எல்லையில் ஷாக் வாங்கும் நேரம் பார்த்துத் தபால்காரரோ சைக்கிளில் ஒரு பையனோ போனால், வலியைக் கொடுத்தது அவர்தான் என்று நாய் முடிச்சுப் போட்டுவிடும். அடுத்த முறை அவரைப் பார்த்தாலே பாயும்.

சிப்பிப்பாறை, ராஜபாளையம், கன்னி வளர்ப்பவர்கள் இரண்டு தடவை யோசியுங்கள். துரத்தவே பிறந்த நாய்கள் அவை. முயலோ கீரியோ கண்ணில் பட்டால், பீப் அடித்து முடிவதற்குள் எல்லைக்கு அந்தப்பக்கம் போயிருக்கும். தோல் மெலிசு, முடி குட்டை என்பதால் அதே ஷாக் அவற்றுக்குக் கூடுதலாக உறைக்கும். லாப்ரடார், நாட்டு நாய், இரண்டும் கலந்தது இவையெல்லாம் தின்பண்டத்துக்கு மயங்குபவை, சீக்கிரம் கற்றுக்கொள்ளும். கருத்தடை செய்யாத ஆண் நாய் என்றால் மார்கழியில் எந்தக் காலரும் நிறுத்தாது. முதலில் அதை முடித்துவிடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடலூர்ப் பக்கத்தவர்கள் அருகிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். காலர் மாட்டுவதற்கு முன் கழுத்துத் தோலையும் இதயத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன்படி தேவையில்லாத வலியைக் கொடுப்பது குற்றம். நாய் வெளியே போய் யாரையாவது கடித்தால், பாரதிய நியாய சம்ஹிதாவின் 291-ஆம் பிரிவு உங்கள் மேல் பாயலாம்: 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “காலர் போட்டிருந்தேனே” என்பது அங்கே எடுபடாது. வெளிநாடுகளிலும் இதைப் பற்றி ஒரே கருத்து இல்லை. வேல்ஸ் நாட்டில் 2010-லிருந்து ஷாக் கொடுக்கும் காலருக்குத் தடை. நாய்களின் நடத்தையைப் படித்த மருத்துவர்கள் பலரும் வேண்டாம் என்கிறார்கள். என் கட்சி: சத்தத்தை வைத்தே பழக்கப் பாருங்கள், ஷாக் கடைசிப் பட்சம்.

எந்த மாதத்தில் ஆரம்பிப்பது?

தை பிறந்த பிறகு. புரட்டாசியில் ஆரம்பித்தால் பாதியில் தீபாவளி வரும், பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை வரும். வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் பீப்பையும் வெடியையும் ஒன்றாக்கிக்கொள்ளும். தை, மாசி, பங்குனி மூன்றும் நல்ல மாதங்கள். மண் காய்ந்திருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் கடலோரத்தில் இருப்பவர்கள் மாசி மகத்தன்று மட்டும் பயிற்சிக்கு லீவு விட்டுவிடுங்கள். மேளமும் கூட்டமுமாக இருக்கும்.

ஒயர் புதைப்பது

முதலில் ஒரு தாளில் மனையை வரையுங்கள். சதுரமான அரை ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 180 மீட்டர், ஓர் ஏக்கருக்கு 255 மீட்டர். அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஒயர் வாங்குங்கள். செட்டுடன் வரும் ஒயர் பெரும்பாலும் நூல் மாதிரி மெலிசாக இருக்கும். நம் ஊர்ப் பெருச்சாளிக்கு அது ஒரு கடி. வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 1 சதுர மில்லிமீட்டர் ஒற்றைச் செம்பு ஒயரை, சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் துளையில்லாத 16 மில்லிமீட்டர் குழாய்க்குள் விட்டுப் புதைத்தால் நெடுநாள் உழைக்கும். பிளாஸ்டிக் குழாய் சிக்னலைத் தடுக்காது. இரும்புக் குழாய் தடுக்கும், அதனால் அதைத் தொடாதீர்கள்.

ரோட்டோரத்திலிருந்து ஆறடியாவது உள்ளே தள்ளி ஒயரைப் போடுங்கள். மூலைகளில் செங்கோணமாக மடக்காமல், ஒரு மாட்டுவண்டி திரும்புகிற மாதிரி வளைத்துக் கொண்டுபோங்கள். கூர்மையான மூலையில் சிக்னல் ஓட்டை விழும், நாய் அதைக் கண்டுபிடித்துவிடும். வீட்டுச் சுவரை ஒட்டி ஒயர் போனால் அந்தப்பக்கம் ஹாலில் படுத்திருக்கும் நாய்க்கும் பீப் அடிக்கும், ஏழெட்டு அடி விலக்கிப் போடுங்கள். போர்வெல் மோட்டார் கேபிள், மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் இவற்றுக்கு இணையாக ஓடக் கூடாது, ஐந்தடியாவது தள்ளியிருக்கட்டும். குறுக்கே கடந்துதான் ஆகவேண்டும் என்றால் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். கம்பிவலைமீது கட்டினால் சில சமயம் சிக்னல் வலை முழுக்கப் பரவி நாயை இல்லாத இடத்தில் அதட்டும். கட்டுவதாக இருந்தால் காலரை வைத்துச் சோதித்துவிட்டுக் கட்டுங்கள்.

பெட்டியிலிருந்து தோட்ட ஓரம் வரை போகவும் வரவும் இரண்டு ஒயர் வேண்டும் அல்லவா? அந்த இரண்டையும் சேர்த்து அடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறுக்கு முறுக்கிவிடுங்கள். ஒன்றின் சிக்னலை மற்றது அழித்துவிடும், அந்தப் பகுதியை நாய் தாராளமாகக் கடக்கலாம். இதே காரணத்தால்தான், முறுக்காத ஒயரில் போகும் வரிசையும் திரும்பும் வரிசையும் பக்கம் பக்கமாக ஓடினால் அங்கே எல்லையே இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஐந்தடிக்கு மேல் இடைவெளி விடுங்கள்.

ஆழம் இரண்டு மூன்று அங்குலம் போதும். மம்பட்டி முனையால் ஒரு கோடு கீறி, ஒயரை வைத்துக் காலால் மூடிக்கொண்டே போகலாம். கேப்பர் மலைச் செம்மண் கெட்டி, முந்தின நாள் தண்ணீர் விட்டால் சுலபமாக விட்டுக்கொடுக்கும். கடலோர மணலில் வேலை சுலபம், ஆனால் காற்றும் மழையும் மணலை அரித்து ஒயரை வெளியே எடுத்துவிடும், அங்கே கொஞ்சம் ஆழமாக. உப்புக் காற்று அடிக்கும் ஊரில் ஒயரின் எதிரி இணைப்புதான். வெறும் கருப்பு டேப் சுற்றி விட்டால் ஒரே மழைக்காலத்தில் செம்பு பச்சை பூத்துப்போகும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே தண்ணீர் புகாத பசை நிரப்பிய மூடி போடுங்கள். ஒவ்வொரு இணைப்பு இருக்கும் இடத்திலும் ஒரு செங்கல் வைத்து அடையாளம் பண்ணுங்கள். ஒயர் அறுந்தால் பத்தில் ஒன்பது தடவை அங்கேதான் அறுந்திருக்கும்.

பெட்டியை வீட்டுக்குள் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுங்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதையும், வீட்டுக்குள் தண்ணீர் நின்றதையும் மறந்திருக்க மாட்டீர்கள். இன்வெர்ட்டர் லைனில் இணைத்தால் மின்வெட்டில் எல்லை காணாமல் போகாது. மண்ணில் பரவிக் கிடக்கும் நீண்ட ஒயர் என்பதால் இடி மின்னல் இதை விரும்பித் தேடும். மின்னல் தடுப்பான் ஒன்று போடுங்கள், மழை மிரட்டினால் பெட்டியிலிருந்து ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் நாய்க்கு முன்னால் நீங்கள் நடங்கள். செட்டுடன் ஒரு குட்டி விளக்கு வரும். அதைக் காலரின் இரு முனைகளிலும் மாட்டி, காலரை நாயின் கழுத்து உயரத்தில் பிடித்துக்கொண்டு, உள்ளேயிருந்து ஒயரை நோக்கி மெல்ல நடங்கள். பீப் எங்கே தொடங்குகிறது, விளக்கு எங்கே எரிகிறது (ஷாக் அங்கேதான் தொடங்கும்) என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நாய் நின்று யோசிக்க இரண்டடி இடமாவது வேண்டும். தோட்டத்தைச் சுற்றிப் பத்திருபது இடத்தில் இப்படிப் பார்த்து, பீப் தொடங்கும் புள்ளியில் ஒரு கொடி நடுங்கள்.

கொடி செட்டிலேயே வரும், போதாவிட்டால் மூங்கில் குச்சியில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டலாம். எட்டடிக்கு ஒன்று. வெள்ளை, நீலம், மஞ்சள் நல்லது. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, புல்லில் சிவப்புக் கொடி அதன் கண்ணுக்குக் காணாமல் போய்விடும். (கட்சிக்காரர்கள் யாராவது வந்து விசாரித்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.)

கழுத்தில் மாட்டுவது

நம் கடற்கரைப் புழுக்கத்தில் பெரும்பாலான தொல்லை இங்கேதான் வரும். காலர் கழுத்தின் மேல்பகுதியில், காதுக்குக் கீழே, முனைகள் தொண்டைப் பக்கம் தோலைத் தொடும்படி இருக்க வேண்டும். முனைக்கும் தோலுக்கும் நடுவே உங்கள் ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு நுழைந்தால் தொளதொளப்பு. முடி அடர்ந்த நாய் என்றால் நீள முனையை மாட்டுங்கள், முடியை முழுக்கச் சிரைக்காதீர்கள்.

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் போதும், பன்னிரண்டுக்கு மேல் போகவே கூடாது. இரண்டு மணிக்கொருதரம் காலரைக் கொஞ்சம் நகர்த்திவிடுங்கள். இரவில் கழற்றிவிட்டு, அந்த இடத்தை விளக்கு வெளிச்சத்தில் முடியை விலக்கிப் பாருங்கள். முதலில் இரண்டு புள்ளி இளஞ்சிவப்பாகத் தெரியும். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் ஈரம் கசியும், அப்புறம் முடி கொட்டி இரண்டு குழி. இது ஷாக்கில் வெந்த புண் என்று நினைத்துப் பயப்படுவார்கள். பெரும்பாலும் அது ஒரே இடத்தில் முனை அழுத்தி, ஈரமும் மண்ணும் சேர்ந்து வந்த அழுத்தப் புண். சிவப்பு தெரிந்த அன்றே காலருக்கு ஓய்வு கொடுங்கள், தோல் பழையபடி ஆகும் வரை மாட்டாதீர்கள். வாரம் ஒருமுறை முனைகளையும் கழுத்தையும் ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். காலருக்குக் கீழே உண்ணி கூடு கட்ட ரொம்பப் பிடிக்கும், அதையும் பாருங்கள்.

கயிற்றைக் காலரில் கட்டக் கூடாது. சாதாரண பெல்ட் ஒன்று தனியாகப் போட்டு அதில் கட்டுங்கள். காலரில் கட்டி இழுத்தால் முனை தோலில் குத்தும், நாய் அதையும் தண்டனையாக எடுத்துக்கொள்ளும்.

பயிற்சி

காலரை அணைத்து வைத்து இரண்டு மூன்று நாள் சும்மா போட்டுப் பழக்குங்கள். சாப்பாட்டு நேரத்தில் மாட்டினால் அதன்மேல் பிரியம் வரும். இதற்கிடையே வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையில் கூப்பிட ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டி “உள்ள வாடா” என்பார், பேரன் “கம்” என்பான், தோட்டக்காரர் விசில் அடிப்பார். நாய் குழம்பாமல் என்ன செய்யும்? ‘திரும்பு’ என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது சத்தம் மட்டும். காலரில் ஷாக்கை அணைத்து பீப் மட்டும் வைத்துவிடுங்கள். பன்னிரண்டு அடி பருத்திக் கயிறு, இடுப்பில் ஒரு பை, பையில் வேகவைத்த ஈரல் துண்டு அல்லது முள் நீக்கிய மீன். பொறை தினமும் கிடைப்பது, அதற்காக ஒரு நாய் கீரியை விட்டுத்தராது. காலை ஆறரை மணிக்கும் மாலை ஐந்தரைக்கும் பத்து பத்து நிமிடம். கொடி வரிசையை நோக்கி நிதானமாக நடந்து போங்கள். நாய் கொடியைத் தாண்டப் பார்க்கும், பீப் அடிக்கும். அந்த நொடியில் “திரும்பு” என்று உற்சாகமாகச் சொல்லி, நீங்களே வேகமாக உள்பக்கம் திரும்பி நடங்கள். கயிறு தானாக நாயைக் கொண்டுவரும். நான்கைந்து அடி உள்ளே வந்ததும் பாராட்டு, ஒரு துண்டு ஈரல், கொஞ்சம் விளையாட்டு. பீப் என்றால் ஆபத்து என்பதைவிட, பீப் என்றால் உள்ளே போனால் ஈரல் என்று அது புரிந்துகொள்ள வேண்டும். ஒரே இடத்தில் செய்யாதீர்கள், ஒவ்வொரு நாளும் வேறொரு பக்கம்.

நாலைந்து நாளில் ஒரு மாற்றம் தெரியும். கொடிக்கு இரண்டடி முன்னால் நடை தயங்கும், காது பின்னால் மடங்கும், பீப் அடித்த உடனே தலை உங்கள் பக்கம் திரும்பும். நீங்கள் வாயே திறக்காமல் பத்தில் எட்டு தடவை அது தானாகத் திரும்பினால் இந்தக் கட்டம் முடிந்தது. முடியாத வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். அவசரப்படுகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். உயிர்வேலி ஓரளவு இருக்கும் தோட்டத்தில், தின்பண்டப் பிரியமுள்ள நாய்க்கு இதோடேயே போதும். அப்படியே விட்டுவிடுங்கள்.

போதவில்லை என்றால்தான் மிகக் குறைந்த அளவில் ஷாக்கை வையுங்கள். கயிறு கையில் இருக்கட்டும். ஷாக் சரியான அளவில் இருந்தால், பீப்பை மதிக்காமல் மேலே போகும் நாய் இப்படித்தான் செய்யும்: காது சட்டென ஆடும், தலையைத் திருப்பும், அல்லது நின்று கழுத்தைச் சொறியும். கத்தினாலோ, வாலைக் காலுக்கு இடையே சொருகினாலோ, தரையோடு படுத்தாலோ அளவு அதிகம். உடனே குறையுங்கள். எதுவுமே தெரியவில்லை என்றால் அளவைக் கூட்டுவதற்கு முன் முனை தோலைத் தொடுகிறதா என்று பாருங்கள். நாயை வேண்டுமென்றே ஷாக்குக்குள் இழுத்துப் போகாதீர்கள், தவறு செய்வது அதன் விருப்பமாக இருக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வாங்கினால் அன்றைக்கு மூட்டை கட்டிவிட்டுச் சத்தப் பயிற்சிக்குத் திரும்புங்கள். முடிக்கும்போது எப்போதும் தோட்டத்தின் நடுவில், விளையாட்டோடு முடியுங்கள்.

அப்புறம்தான் ஆசை காட்டும் கட்டம். கயிற்றோடு நாயை உள்ளே வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை எல்லைக்கு வெளியே நடக்கவிடுங்கள். பிறகு ஓடவிடுங்கள், பந்தை உருட்டச் சொல்லுங்கள். காலையில் வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் மீன்காரரைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. அந்த நேரம் பார்த்துப் பயிற்சி வையுங்கள். ஆடு, பூனை, பக்கத்து வீட்டு நாய் என்று ஒவ்வொன்றாக. வெளியே இருப்பவர் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தன் ஆட்கள் கூப்பிட்டுப் போனால் அடி விழும் என்று அது கற்றுக்கொண்டால், நாளைக்கு நீங்கள் கூப்பிட்டாலும் வராது.

மீன்காரருக்கே அசையாத நாயைக் கயிற்றைத் தரையில் இழுபட விட்டு, பிறகு கயிறில்லாமல் விடலாம். முதலில் கால் மணி, பிறகு அரை மணி, நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகப் போனால் கொடியில் ஒன்று விட்டு ஒன்றாக எடுங்கள், மூன்று நான்கு நாள் கழித்து மீதியில் பாதி. மழை வந்து கொடி விழுந்தால் திரும்ப நடச் சோம்பல்படாதீர்கள்.

கேட் விஷயம் தனி. நாயை வெளியே கூட்டிப் போக வேண்டுமென்றால் காலரை வீட்டுக்குள்ளேயே கழற்றிவிட்டு, கயிறு கட்டி, எப்போதும் ஒரே கேட் வழியாக, ‘போலாம்’ மாதிரி ஒரு வார்த்தை சொல்லிக் கடத்துங்கள். முதல் வாரங்களில் எல்லைக்கோட்டில் கால் வைக்கவே மறுக்கும், அப்போது தூக்கியோ காரில் ஏற்றியோ கடத்துங்கள். கயிறில்லாமல் ஒருநாளும் கடத்த வேண்டாம்.

பழகிய பிறகு

வீட்டில் யாரும் இல்லாதபோது காலரை நம்பி நாயை வெளியே விடாதீர்கள், உள்ளே வைத்துப் பூட்டுங்கள். தீபாவளி, போகி, ஊரில் சாவு வெடி, எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மிரண்ட நாய் எல்லையைத் தாண்டும், பிறகு திரும்பி வர ஷாக் தடுக்கும். நாய் வெளியே போய்விட்டால் முதல் வேலை பெட்டியை அணைப்பது, அப்புறம்தான் தேடுவது.

மாதம் ஒருமுறை விளக்கை மாட்டி எல்லையைச் சுற்றி நடங்கள். மழை ஓய்ந்ததும் கட்டாயம் ஒருமுறை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த மாதிரி ஒரு காற்று அடித்தால், விழும் மரம் வேரோடு ஒயரையும் பிடுங்கிக்கொண்டு வரும். ஒயர் அறுந்தால் பெட்டி கத்தும், அறுந்தும் கத்தாவிட்டால் பெட்டியே போயிருக்கிறது என்று அர்த்தம். மின்கலம் தீர்ந்த காலரை நாய் சீக்கிரம் கண்டுபிடிக்கும், அதனால் சார்ஜ் போடும் நாளை காலண்டரில் குறித்து வையுங்கள்.

நாலு வாரம் ஒழுங்காகப் பழக்கியும் நாய் தினமும் தாண்டுகிறது, அல்லது திண்ணையை விட்டே இறங்க மறுக்கிறது, சாப்பாட்டைக் குறைத்துவிட்டது, பீப் மாதிரி எந்தச் சத்தம் கேட்டாலும் நடுங்குகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். அளவைக் கூட்டிப் பார்க்கும் யோசனையே வேண்டாம். முழுத் தோட்டத்தையும் அடைக்கக் காசில்லை என்றால் அதில் ஐந்து சென்ட்டை மட்டும், ஒரு மாமரமோ வேம்போ நிழல் தரும் இடமாகப் பார்த்து, ஆறடிக் கம்பிவலை அடையுங்கள். வலையின் அடி ஓரத்தை ஓரடி மண்ணுக்குள் இறக்கினால் தோண்டி வெளியேறாது. தண்ணீர்த் தொட்டியை வெயில் படாத மூலையில் வைத்துவிடுங்கள்.